பொது விதியும் தனி அனுமதியும்

சென்னை நகரத்துக்குள்ளே கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கிடக்கும் கால்வாய்த் துண்டு, இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டிய சாக்கடையாகவே பலருக்கும் தெரியுமென்றாலும், பொருளாதார விவகாரங்களில் சர்க்கார் எப்போது கை நீட்டலாம், எப்போது கை கட்டி நிற்க வேண்டும் என்ற பழைய விவாதத்தை ஆராயப் புகுகிறவன் தொடங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான ஸ்தலம் கிடைப்பது அரிது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் பல தலைமுறை நடுக்கத்தோடு நினைவு வைத்திருந்த அந்தக் கொடிய காலத்தில், 1877-78ஆம் ஆண்டுகளில், பசித்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து வெட்டப்பட்ட பகுதி அது. அப்போது சென்னைக் கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைக் கால்வாய் இன்றும் தாங்கி நிற்கிறது. அதே கோமகன்தான், 1876இல் மழை பொய்த்து விலை ஏறத் தொடங்கியபோது, சர்க்கார் கணக்கில் தானியம் வாங்கிச் சேமிக்க முற்பட்டு, அதற்காக வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் சர்க்காரிடம் கண்டனம் பெற்றவர்.

அந்தக் கண்டனத்துக்குப் பின்னால் ஒரு சித்தாந்தம் இருந்தது. சர்க்கார் சந்தையில் இறங்கினால் வியாபாரி பயந்து விலகிக்கொள்வான். விலை ஏறுவதுதான் தானியத்தை மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு இழுத்து வரும். ஆகையால் ஏறுகிற விலையில் கை வைப்பது, வரவிருக்கும் தானியத்தை வழியிலேயே நிறுத்துவதற்குச் சமானம் என்று அவர்கள் வாதித்தார்கள். இந்த வாதத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. விலையானது ஆயிரம் ஊர்களின் குறையையும் நிறையையும் ஒரே எண்ணில் அடக்கிச் சொல்லும் செய்தி என்பது மெய். ஆனால் அந்தச் செய்தியில் கையிலே காசு உள்ளவனுடைய பசி மட்டுமே பதிவாகிறது. பயிர் கருகி, கூலி வேலையும் அற்றுப்போன உழவனின் வயிறு எவ்வளவு எரிந்தாலும், அவன் மடியில் காசில்லையானால், அந்த எரிச்சல் எந்த மண்டிக்காரனின் காதிலும் விழுவதில்லை. தானியம் இருந்த ஊரிலும் அதை வாங்க வழியின்றி ஜனங்கள் மாண்டதன் காரணம் இதுதான்.

பத்தாண்டுகளுக்கு முன்பே, 1866இல், ஒரிஸ்ஸாவில் இந்தப் பாடம் ஒருமுறை கற்பிக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து அரிசி தருவிக்குமாறு கேட்டவர்களிடம் கல்கத்தாவின் ரெவினியூ போர்டு மறுத்துவிட, பிறகு மனம் மாறியபோது பருவமழை கரையை மூடிவிட, ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்குப் பிராயச்சித்தம் போல, 1873-74இல் பீகாரில் பஞ்சம் எட்டிப் பார்த்தபோது சர் ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாகத் தருவித்துச் சாவை வெகுவாகத் தடுத்தார். ஆனால் ஊதாரித்தனம் செய்தார் என்ற பழியே அவருக்குக் கிடைத்தது. அந்தப் பழியைத் துடைத்துக்கொள்ள அவருக்கு வாய்த்த சந்தர்ப்பம் நம் ராஜதானியின் துர்ப்பாக்கியமாக முடிந்தது. 1877 ஜனவரியில் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக இங்கே வந்த அவர், நிவாரண வேலை செய்கிறவனின் தினக்கூலியை ஒரு பவுண்டு, அதாவது நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியமும் சில்லறைக் காசுமாகச் சுருக்கினார். உழைக்கும் உடம்பு இதில் பிழைக்காது என்று சென்னை சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவர் மாண்டதாகப் பின்னால் அமைந்த பஞ்ச கமிஷனே கணக்கிட்டது. அதிகாரி ஒருவரே, சாஸ்திரமும் ஒன்றே. 1874இல் உயிர்களைக் காத்த கை 1877இல் இறுகிப்போனதற்கு, மேலிடம் எதை மெச்சும், எதைக் கண்டிக்கும் என்று அவர் கற்றுக்கொண்டிருந்த பாடத்தைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த அந்தக் கமிஷன் 1880இல் அறிக்கை தந்தது. அதிலிருந்து 1883இல் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு பிறந்தது. மழை அளவு, விலை, ஜனங்கள் ஊரை விட்டுப் பெயர்வது ஆகிய அறிகுறிகளை எப்படிக் கவனிப்பது, எந்த நிலையில் நிவாரண வேலைகளைத் திறப்பது, யாருக்கு என்ன கூலி, எப்போது நிலவரியைத் தள்ளிவைப்பது என்பவற்றையெல்லாம் அது முன்கூட்டியே எழுதிவைத்தது. உயிர் காப்பது கவர்னரின் கருணையையோ வைஸ்ராயின் சித்தாந்தத்தையோ பொறுத்த காரியமாக இருந்த நிலைமை மாறி, இன்ன அறிகுறி கண்டால் இன்னது செய்க என்ற பொது விதி ஒன்று ஏற்பட்டது. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; இக்கட்டுரை சொல்ல வருவது பெரும்பாலும் அதைப் பற்றியதே.

சாஸ்திரிகளின் வாதம்

இனி, இந்தப் பிரச்னையைப் பொருளாதார அறிஞர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று சுருக்கமாகப் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகூ 1920இல் வெளியிட்ட நூலில், ஒருவன் செய்யும் தொழிலின் தீமை விலையில் ஏறாமல் பிறர் தலையில் விழும்போது, வரியாலோ தடையாலோ சர்க்கார் அதைச் சரிசெய்ய வேண்டும் என்றார். நமக்கு இதை விளக்க இங்கிலாந்துக்குப் போக வேண்டாம். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக் கிணறுகளைக் கெடுத்ததும், 1996இல் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டுக் கெடுத்தவனே ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தவை. தோல் வாங்கியவன் கொடுத்த விலையில் கிணற்றின் விலை சேர்ந்திருக்கவில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில், தேசமெங்கும் சிதறிக் கிடக்கும் அறிவை எந்தத் திட்டக் கமிஷனும் ஒரு மேஜையில் கொண்டுவந்து குவிக்க முடியாது என்று 1945இல் ஹேயக் எழுதினார். ஆனால் விவாதத்தின் போக்கையே மாற்றியவர்கள், 1962இல் இணைந்து நூல் வெளியிட்ட ஜேம்ஸ் புகானனும் கார்டன் டல்லக்கும் ஆவர். பொதுத் தேர்வுக் கோட்பாடு என்று இன்று வழங்கும் அவர்கள் கொள்கையின் சாரம் எளிது: கடையில் உட்கார்ந்திருக்கும்போது தன் லாபத்தைக் கணக்கிடுகிற மனிதன், கச்சேரியில் உட்கார்ந்த மாத்திரத்தில் துறவியாகிவிடுவதில்லை. மந்திரிக்கு அடுத்த தேர்தலும், உத்தியோகஸ்தருக்குத் தம் இலாகாவின் அளவும், வோட்டருக்குத் தமக்குக் கிடைக்கும் சலுகையும் முன்னிற்கும். ஆகவே குறையுள்ள சந்தையைக் குறையற்ற சர்க்காரோடு ஒப்பிடுவது நியாயமாகாது. நடைமுறையில் உள்ள சந்தையை நடைமுறையில் உள்ள சர்க்காரோடுதான் ஒப்பிட வேண்டும். புகானனுக்கு 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

தேனை எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று கேட்கும் நம் பாட்டிமார்களுக்கு இது புதிய தத்துவமாகத் தோன்றாது. அர்த்தசாஸ்திர ஆசிரியரும் ராஜாங்கப் பொருளை உத்தியோகஸ்தர்கள் கையாடும் வழிகளை நாற்பதாக வகுத்து வைத்திருக்கிறார். புதிய அறிஞர்கள் சேர்த்தது வேறொன்று: திருட்டே இல்லாவிடினும், எல்லோரும் யோக்கியர்களாகவே இருப்பினும், காரியம் கோணலாகலாம் என்பது. இதை 1965இல் மன்கூர் ஓல்சன் விளக்கினார். ஒரு பண்டத்தின் இறக்குமதியைத் தடுப்பதால் பத்து ஆலைக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு கோடி ரூபாய் லாபமும், அதை வாங்கும் ஒரு கோடிப் பேருக்கு ஆளுக்கு இருபது ரூபாய் நஷ்டமும் என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பார்த்தால் நஷ்டம் லாபத்தைப் போல் இருமடங்கு. ஆனால் பத்துப் பேரும் டெல்லிக்கு ரயில் ஏறுவார்கள். கோடிப் பேரில் ஒருவனும் ஏறமாட்டான், ஏனெனில் டிக்கெட்டுக்கே இருபது ரூபாய் போதாது. மந்திரியின் அறைக்குள் கேட்கும் குரல் பத்துப் பேருடையதாகவே இருக்கும்.

கட்டுப்பாடும் அதன் நீக்கமும்

இந்தக் கொள்கைகளை உரைத்துப் பார்க்கச் சுதந்திர இந்தியாவைவிடச் சிறந்த உரைகல் இல்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் பிறந்த உணவுக் கட்டுப்பாட்டின் கீழ், விவசாயி தன் விளைச்சலில் குறித்த பங்கைக் குறித்த விலைக்கு லெவியாகச் செலுத்த வேண்டும். பர்மிட் இல்லாமல் ஒரு ஜில்லா அரிசி மறு ஜில்லாவுக்குப் போகக் கூடாது. வாங்குகிறவன் ரேஷன் அட்டையோடு நிற்க வேண்டும். காந்தியடிகளின் வற்புறுத்தலால் 1947 டிசம்பரில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோது விலைகள் மளமளவென்று ஏறி, 1948இல் அதை மீண்டும் கொண்டுவர நேர்ந்தது. ஆனால் 1952 ஏப்ரலில் சென்னை முதலமைச்சரான ராஜாஜி, மத்திய உணவு மந்திரி ரஃபி அகமது கித்வாயின் ஆதரவோடு ஜூன் மாதத்தில் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியபோது, பலர் அஞ்சிய பேராபத்து வரவில்லை. பதுங்கியிருந்த அரிசி வெளியே வந்தது. 1954க்குள் தேசமெங்குமே கட்டுப்பாடு நீங்கியது.

ஒரே மருந்து ஒருமுறை கொன்றதும் மறுமுறை காத்ததும் ஏன்? 1947இல் தேசப்பிரிவினையின் குழப்பமும் யுத்தகாலப் பணவீக்கமும் காலியான களஞ்சியங்களும் இருந்தன. 1952இன் தொடக்கத்திலோ, கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த விலைகள் சரிந்துகொண்டிருந்தன. அமெரிக்கக் கோதுமை கையிருப்பில் இருந்தது. பின்வந்த பருவமழையும் துணை செய்தது. ராஜாஜியின் துணிவைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தலையிடுவதற்கு மட்டுமல்ல, தலையீட்டிலிருந்து விலகுவதற்கும் காலம் பார்க்க வேண்டும் என்பதையே இவ்விரு நிகழ்ச்சிகளும் சேர்ந்து போதிக்கின்றன.

உணவில் கட்டுப்பாடு தளர்ந்த அதே சமயத்தில் தொழிலில் அது இறுகியது. 1951ஆம் வருஷத்துத் தொழில் அபிவிருத்தி, ஒழுங்குமுறைச் சட்டம் 1952இல் அமலுக்கு வந்த பிறகு, அட்டவணையில் கண்ட தொழில்களில் புதிய ஆலை தொடங்கவும், பழைய ஆலையை விரிவாக்கவும், புதுப் பண்டம் ஒன்றைச் செய்யவும், இடம் மாற்றவும்கூட லைசென்ஸ் வேண்டியதாயிற்று. இறக்குமதிக்கு ஓர் அனுமதி, பங்கு வெளியிட மற்றோர் அனுமதி, இரும்புக்கும் சிமெண்டுக்கும் கோட்டா. இதை வகுத்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். மூலதனமும் அந்நியச் செலாவணியும் அரிதாயிருந்த ஏழைத் தேசத்தில், அவை வாசனைப் பொருள்களுக்குப் போகாமல் எஃகுக்குப் போக வேண்டும் என்றும், செல்வம் சில குடும்பங்களிலேயே குவியக் கூடாது என்றும் மெய்யாகவே விரும்பினார்கள். மகலனோபிஸ் வகுத்த இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தைப் பரிசீலித்த பொருளாதார நிபுணர் குழுவில், 1955இல் தனித்து நின்று மறுப்புக் குறிப்பு எழுதியவர் பி. ஆர். ஷெனாய் ஒருவரே.

விளைவு என்ன? லைசென்ஸ் முறையை ஆராய்ந்து 1967இல் ஹசாரியும் 1969இல் தத் கமிட்டியும் தந்த அறிக்கைகள் வெளிப்படுத்திய உண்மை விசித்திரமானது. ஏகபோகத்தைத் தடுக்க வந்த லைசென்ஸ், பெரிய தொழிற்குடும்பங்களுக்கே கோட்டை மதிலாக உதவியிருந்தது. டெல்லியில் ஆள் வைத்துக் கவனிக்க வசதியுள்ளவர்கள் ஒரே தொழிலுக்குப் பல விண்ணப்பங்கள் போட்டு, அனுமதிகளைப் பெற்று, சிலவற்றை நிறைவேற்றாமலே வைத்துக்கொண்டு, பிறர் நுழையும் வழியை அடைத்தார்கள். அனுமதித்த அளவுக்கு மேல் உற்பத்தி செய்வது குற்றம்; ஆனால் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டியவன் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது சகஜம். 1974இல் ஆன் குரூகர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், 1964ஆம் ஆண்டு இந்தியாவில் இப்படிப்பட்ட அனுமதிகளால் விளைந்த உபரி லாபத்தின் மதிப்பு தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம் என்று கணக்கிட்டார். அதில் மிகப் பெரும்பகுதி இறக்குமதி லைசென்ஸுகளைச் சார்ந்தது. அந்த லாபத்தை அடைய நடக்கும் போட்டியில் அறிவும் காலமும் பணமும் எதையும் உற்பத்தி செய்யாமலே கரைந்துபோவதுதான் தேசத்துக்கு ஏற்படும் பெரிய நஷ்டம் என்பது அவருடைய வாதம். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1959இல், எண்பதாம் வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்யம் என்ற ஒரே தொடரில் அந்த நோய்க்குப் பெயரிட்டிருந்தார்.

ஆயினும் இதிலிருந்து, சர்க்கார் தொழில் விஷயத்தில் தலையிடவே கூடாது என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. அதே காலத்தில் தென் கொரியா, வங்கிக் கடன் முழுவதையும் தன் பிடியில் வைத்துக்கொண்டு, நம்மைவிடக் குறையாத அளவுக்குத் தலையிட்டது. ஆனால் அங்கே சலுகைக் கடன் ஏற்றுமதியைப் பொறுத்தது. ஏற்றுமதி ஆகிறதா என்பதை நியூயார்க்கில் சட்டை வாங்குகிறவன் தீர்மானித்தான். அவனை எந்த உத்தியோகஸ்தரும் சரிக்கட்ட முடியாது. நம் மாநிலத்திலும் 1958இல் திறக்கப்பட்ட கிண்டித் தொழிற்பேட்டை, சாலை, மின்சாரம், கட்டடம் ஆகிய வசதிகளைச் செய்து கொடுத்துவிட்டு, எதை எவ்வளவு விற்பது என்பதைத் தொழில் செய்கிறவனின் சாமர்த்தியத்துக்கே விட்டது. சர்க்காரின் கை இரண்டு இடத்திலும் இருந்தது. ஆனால் மேஜையின் குறுக்கே காகிதத்தைத் தள்ளி விண்ணப்பக்காரனைத் தலை சொறிய வைக்கும் கையாக அது இல்லை.

1991க்குப் பின்

அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமென்ற நிலையில், தங்கத்தை விமானமேற்றி அடகு வைத்த 1991ஆம் ஆண்டு, ஜூலை 24ஆம் தேதி வெளியான தொழிற்கொள்கை, பதினெட்டுத் தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸை ஒழித்தது. அத்தோடு தனி அனுமதியின் யுகம் முடிந்துவிட்டதாகப் பலர் நம்பினார்கள். அது வீட்டை விட்டுப் போகவில்லை, அறையை மாற்றிக்கொண்டது. ஆலை வைக்க அனுமதி தேவையற்றுப்போன பிறகு, அலைக்கற்றையும் நிலக்கரியும் நிலமும் மணலும் மதிப்பேறின. அவற்றைப் பங்கிடும் கைக்கு மவுசு கூடிற்று. 2012இல் 122 தொலைத்தொடர்பு லைசென்ஸுகளையும், 2014இல் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளையும் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்ததும், பிறகு அவை ஏலத்துக்கு வந்ததும், பொது விதிக்கும் தனி அனுமதிக்கும் இடையே நடந்த வழக்கின் அண்மைக்கால அத்தியாயங்கள்.

ரேஷன் கடையும் மின் மோட்டாரும்

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 1997இல் மத்திய சர்க்கார் பொது விநியோகத்தை, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர், மேலே உள்ளவர் என்று பிரித்தபோது, தமிழ்நாடு குடும்ப அட்டை உள்ள எல்லோருக்கும் ரேஷன் கடையைத் திறந்தே வைத்தது. 2011 முதல் அரிசி விலையின்றியே தரப்பட்டு வருகிறது. வசதியுள்ளவனுக்கும் கொடுப்பது வீண் செலவு என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் யார் ஏழை என்று தீர்மானிக்கும் பட்டியலை ஒருவர் கையில் கொடுத்தால், ஏழை விடுபடுவதும் வசதியுள்ளவன் நுழைவதும் பல மாநிலங்களில் கண்ட அனுபவம். பட்டியலே ஒரு பர்மிட் ஆகிவிடுகிறது. எல்லோருக்கும் உரியது என்று ஆகிவிட்டால், கடை மூடிக் கிடந்தாலோ எடை குறைந்தாலோ கேட்பதற்குத் தெருவே திரளும். வோட்டரின் சுயநலத்தைப் பொதுத் தேர்வு அறிஞர்கள் ஒரு வியாதியாகவே சித்திரித்தார்கள். இங்கே அதுவே காவலாக நிற்கிறது.

அப்படியானால் எல்லோருக்கும் பொதுவான விதி எதுவும் நன்மையே தருமா? அதற்கு மறுப்பும் நம்மிடமே இருக்கிறது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், சில ஆண்டுகளில் விவசாயிகள் அனைவருக்கும் பம்பு செட்டுக்கான மின்சாரம் இலவசமாயிற்று. நலிந்த உழவனுக்கு உதவ வேண்டும் என்ற நோக்கத்தில் குறையில்லை. ஆனால் மீட்டரில்லாத மோட்டார் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது என்றும் தெரியாது. ஆழமாகப் போர் போட வசதியுள்ளவனின் குழாய் ஊற, பக்கத்து வயல்காரனின் கிணறு வற்றுகிறது. புதிய இலவச இணைப்புக்குப் பதிவு செய்தவர்களோ ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசை நீளும்போது, முன்னே போக வழி உண்டா என்ற பழைய கேள்வியும் பின்னாலேயே வந்து நிற்கிறது. விதி பொதுவாக இருந்தால் மட்டும் போதாது, அதன் செலவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை இந்த மோட்டார் நமக்குக் கற்பிக்கிறது. அரிசியில் ஒரு வசதி உண்டு: அட்டைக்கு இவ்வளவு கிலோ என்று அளந்துவிடலாம், கணக்குப் புத்தகத்தில் தொகை ஏறும், சட்டசபையில் கேள்வி கேட்கலாம். நிலத்தடி நீருக்கு அப்படிப்பட்ட பேரேடு எங்கும் இல்லை.

ஆக, சந்தையா சர்க்காரா என்று கட்சி கட்டி வாதாடுவதைவிட, ஒவ்வொரு தலையீட்டையும் இரண்டு கேள்விகளால் சோதிப்பது பயனுள்ளது. இதன் பலன் அறிவிக்கப்பட்ட விதியால் கிடைக்கிறதா, ஒருவருடைய கையெழுத்தால் கிடைக்கிறதா? இதன் செலவை, அதைச் சுமக்கிறவன் காண முடிகிறதா? இரண்டிலும் தேறியவை நம் நாட்டில் நிலைத்திருக்கின்றன. இரண்டிலும் தவறியவை, எத்தனை உயர்ந்த நோக்கத்தோடு பிறந்தாலும், சில காலத்திலேயே சிலருடைய சொத்தாகிவிட்டன.

இத்தனையும் சொன்ன பின் ஒரு சங்கடமான உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1943இல் வங்காளத்தில் லட்சோப லட்சம் பேர் மடிந்தபோது, அங்கே சர்க்கார் கை கட்டி நிற்கவில்லை. ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்று அஞ்சிக் கரையோரத்துப் படகுகளைப் பறித்திருந்தது. மாகாணங்கள் ஒன்றுக்கொன்று தானியம் போகாமல் தடுத்திருந்தன. விலைக் கட்டுப்பாடு வந்தும் போயும் இருந்தது. பஞ்ச நிவாரண விதித்தொகுப்போ அறுபது ஆண்டுகளாக அலமாரியில் தயாராகவே இருந்தது. ஆனால் பஞ்சம் வந்துவிட்டது என்று பிரகடனம் செய்தால்தான் அந்த விதிகள் உயிர் பெறும். அந்தப் பிரகடனத்தை மாகாண சர்க்கார் கடைசிவரை செய்யவில்லை. எழுதிவைத்த பொது விதிக்கும் முடிவில் ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. 1943 ஆகஸ்டில் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை தெருவில் கிடந்த பட்டினி உடல்களின் படங்களை வெளியிட்ட பிறகே, உலகம் திரும்பிப் பார்த்தது.

2005ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், தாது வருஷத்து நிவாரண வேலையின் வமிசத்தில் வந்ததுதான் என்றாலும், ஓர் இடத்தில் அந்தப் பழைய தொகுப்பிலிருந்து விலகியது. அதன்படி, பஞ்சம் வந்துவிட்டதா என்று தீர்மானித்தவர் கலெக்டர் அல்லர். வேலை கேட்டு மனுக் கொடுத்த கிராமத்தாளுக்குப் பதினைந்து நாளுக்குள் வேலை தர வேண்டியிருந்தது. தராவிட்டால் படி தர வேண்டியிருந்தது. நடைமுறையில் அந்தப் படி எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்டால் விடை மகிழ்ச்சி தராது. ஆனாலும், விதியை ஓட்டும் சாவியை ஆள்கிறவன் இடுப்பிலிருந்து எடுத்து, பசிக்கிறவன் கையில் கொடுக்க வேண்டும் என்று சட்டப் புத்தகம் ஒப்புக்கொள்வதற்கு, தாது வருஷத்திலிருந்து கணக்கிட்டால், நமக்கு நூற்று முப்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.